வாசகர் கேள்வி – பதில்: பொறியியல் வகுப்பில் பிளேட்டோவுக்கு என்ன வேலை?

போன முறை ஒரு வாசகர், "வேறு துறை படிக்கிற பிள்ளைகளுக்குத் தத்துவமும் மதவியலும் எதற்கு?" என்று ஒரு வரி கேட்டிருந்தார். நானும் இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. எழுதியவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள், மீதி மாணவர்கள், நடுவில் கவலைப்பட்ட ஒரு அம்மா.

"பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குத் தத்துவ அறிமுகம் எடுக்கிறேன். கட்டாயப் பாடம், அறுபது பேர். பழைய கிரேக்கத் தத்துவவாதி தேலீசில் தொடங்கினேன், சாக்ரடீஸ் வருவதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?" – கல்லூரி ஆசிரியர் ஒருவர்

தேலீசில் தொடங்கியதுதான் தப்பு. வெட்கப்பட வேண்டாம், நானும் அதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். நாம் எந்த வரிசையில் படித்தோமோ அந்த வரிசையிலேயே சொல்லிக்கொடுக்கக் கை போகும். தேலீஸ், பிளேட்டோ, தெக்கார்த், காண்ட் என்ற அந்த வரிசை, தத்துவத்தையே பட்டப்படிப்பாக எடுத்தவனுக்குச் சரி. அவனுக்கு மூன்று வருஷம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. உங்கள் மாணவனுக்கு இருப்பது ஒரே ஒரு பருவம், வாரத்துக்கு மூன்று மணி நேரம், அடுத்த அறையில் கணக்குத் தேர்வு. அவனிடம் போய், எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று ஒருவர் இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னார் என்றால், "சரி, அதுக்கு?" என்றுதான் கேட்பான். வாய்விட்டுக் கேட்கவில்லை என்பது அவனுடைய மரியாதை.

அவன் துறைக்குள்ளேயே ஒரு தத்துவக் கேள்வி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள். பொறியியல் மாணவர்களுக்கு நான் பல வருஷமாக எடுப்பது 1986 ஜனவரி 27 இரவு நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டம். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும், குளிர் கடுமையாக இருக்கிறது. பூஸ்டர் ராக்கெட் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போய்ஷொலி உட்பட, கிளப்பாதீர்கள் என்கிறார்கள். இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும். அதுவரை கிளப்பியதிலேயே குளிரான நாளில் இணைப்பின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே எங்களிடம் அனுபவம் இல்லை என்பது அவர்கள் வாதம். கூட்டம் இழுத்தது. கடைசியில் நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவர் பொறியியல் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். சம்மதம் போனது. மறுநாள் காலை சுமார் 2 டிகிரியில் கிளம்பிய ஓடம் 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு வகுப்பைப் பார்ப்பேன். ஒருவனும் தூங்குவதில்லை. அப்புறம் மெதுவாக ஒரே கேள்வி: அந்த இரவு நிரூபிக்க வேண்டியது யார் பொறுப்பு? வழக்கமாக, பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் கிளப்புவார்கள். அன்றைக்கு அது தலைகீழாகி, ஆபத்தானது என்று நீங்கள் நிரூபியுங்கள் என்று பொறியாளர்களைக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது என்று அவர்கள் பிறகு விசாரணையில் சொன்னார்கள். கையில் இருந்த தரவு ஒன்றும் மாறவில்லை. நிரூபிக்கும் சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியது, அவ்வளவுதான். எதை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் இதற்கு அறிவாராய்ச்சியியல் என்று பெயர் உண்டு என்பதை அன்றைக்குச் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. முந்தைய பயணங்களிலும் அந்த வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தன, ஆனாலும் ஓடம் பத்திரமாகத் திரும்பியிருந்தது. அதனால் இந்த முறையும் திரும்பிவிடும் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று எதை வைத்து நம்புகிறோம் என்று 18-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்டது சாட்சாத் இதைத்தான். ஹியூமை முதல் வாரம் கொண்டுவந்தால் அவர் ஒரு பெயர், தேர்வுக்கு இரண்டு மதிப்பெண். சேலஞ்சருக்கு அப்புறம் கொண்டுவந்தால் மாணவன் அவரை ஆளாகப் பார்க்கிறான், "இவர் சொல்றது அதேதானே சார்" என்கிறான். அவன் அப்படிச் சொல்லும் வரைக்கும் நீங்கள் ஹியூம் பெயரை எடுக்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு அந்தக் கட்டுப்பாடு பாதி நாள் வருவதில்லை.

"தத்துவம் படித்தால் வேலை கிடைக்குமா?" – கணினி மாணவர்

நீங்கள் கணினிதான் படிக்கிறீர்கள். வேலையை அது பார்த்துக்கொள்ளட்டும்.

"எங்கள் வகுப்பில் நெறிமுறை என்றாலே அந்த டிராலிக் கதைதான். தண்டவாளத்தில் ஓடிவரும் வண்டியைத் திருப்பிவிட்டு, ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கொல்லலாமா என்று மூன்று வாரமாக அடித்துக்கொள்கிறோம். இதனால் என்ன பயன்?" – இன்னொரு கணினி மாணவர்

உங்கள் அலுப்பு நியாயமானது. 1967-இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி அந்த உதாரணத்தை எழுதியபோது அது கருக்கலைப்பு பற்றிய ஒரு கட்டுரைக்குள் வந்து போகிற பல உதாரணங்களில் ஒன்று. நேரடியாகக் கருதிச் செய்யும் தீங்குக்கும், தெரிந்தே ஆனால் கருதாமல் விளையும் தீங்குக்கும் வித்தியாசம் உண்டா என்று பார்க்க அதை எடுத்தார். பிறகு மற்றவர்கள் அதற்குக் கிளை மேல் கிளையாக வளர்த்தார்கள், தானோட்டிக் கார் வந்ததும் கேட்கவே வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதப்போகும் மென்பொருளில் தண்டவாளத்தில் கட்டிப்போட்ட ஐந்து பேர் ஒருநாளும் வரப்போவதில்லை.

உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். விடுதலையானால் திரும்பக் குற்றம் செய்வாரா என்று கணித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை அமெரிக்க நீதிமன்றங்கள் சில பயன்படுத்தின, பெயர் காம்பஸ். 2016-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் அதை ஆராய்ந்து, திரும்பக் குற்றம் செய்யாத கறுப்பினத்தவர் மேல் 'ஆபத்தானவர்' என்ற முத்திரை வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக விழுகிறது, இது அநியாயம் என்றது. தயாரித்த நிறுவனமோ, எங்கள் முத்திரை விழுந்தவர்களில் உண்மையிலேயே குற்றம் செய்பவர்களின் விகிதம் இரண்டு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே நியாயமானது என்றது. யார் பொய் சொல்கிறார்கள்? இரண்டு பேருமே இல்லை.

கரும்பலகையில் போட்டுப் பாருங்கள், எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை. முதல் குழுவில் 100 பேர், அவர்களில் 50 பேர் பின்னால் குற்றம் செய்வார்கள். இரண்டாம் குழுவிலும் 100 பேர், செய்வோர் 20. இரண்டு குழுவிலும் மென்பொருள், செய்யப்போகிறவர்களில் 60 விழுக்காட்டைப் பிடிக்கிறது, முத்திரை விழுந்தவர்களில் 75 விழுக்காடு உண்மையில் செய்பவர்கள். ஒரே அளவு கெட்டிக்காரத்தனம், பாரபட்சமே இல்லை. முதல் குழுவில் 30 பேரைச் சரியாகப் பிடித்திருக்கும், முத்திரை மொத்தம் 40, ஆக 10 அப்பாவிகள் மாட்டினார்கள், அதாவது 50 அப்பாவிகளில் 10, 20 விழுக்காடு. இரண்டாவதில் 12 பேரைப் பிடித்தது, முத்திரை 16, மாட்டிய அப்பாவிகள் 4, அதாவது 80 பேரில் 4, வெறும் 5 விழுக்காடு. முதல் குழுவில் பிறந்த அப்பாவிக்கு நாலு மடங்கு ஆபத்து.

இதைச் சரிசெய்யப் போனால் அது கெடும், அதைச் சரிசெய்யப் போனால் இது கெடும். இரண்டு குழுவிலும் குற்றம் செய்வோர் விகிதம் வேறாக இருந்து, கணிப்பும் நூற்றுக்கு நூறு சரியாக இல்லாதவரை, செய்யப்போகிறவர்களைப் பிடிக்கும் விகிதத்தையும் சமமாக வைத்துக்கொண்டு இரண்டு நியாயத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்று கணக்காகவே நிறுவியிருக்கிறார்கள். நிரல் எழுதி இதைத் தாண்ட முடியாது. எந்த நியாயத்தை விட்டுக்கொடுப்பது, யார் முடிவு செய்வது, மாட்டிய அப்பாவிக்கு யார் பதில் சொல்வது என்றெல்லாம் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்த 50-உம் 20-உம் எங்கிருந்து வந்தன, காவலர்கள் யாரை அதிகம் பிடிக்கிறார்கள் என்பதாலேயே அந்த எண் மாறாதா என்று ஒரு மாணவி ஒருமுறை எழுந்து கேட்டாள். அதற்குப் பிறகு நான் அன்றைக்கு வைத்திருந்த குறிப்புகளைத் தொடவே இல்லை.

"செவிலியர் மாணவிகளுக்கு மதவியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மதத்தினர் எதைச் சாப்பிடமாட்டார்கள், இறப்பின்போது என்ன செய்வார்கள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். போதுமா?" – செவிலியர் பயிற்சி ஆசிரியை

அட்டவணை வேண்டாம் என்று சொல்லமாட்டேன் அம்மா, இரவுப்பணியில் திடீரென்று ஒன்று தெரிய வேண்டும் என்றால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதையே பாடமாக ஆக்கிவிட்டால் ஆபத்து, ஏனென்றால் அட்டவணையைப் படித்த பெண் நோயாளியைக் கேட்கமாட்டாள். அதுதான் தனக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொள்வாள்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டவணையில் 'இரத்தம் ஏற்றக்கூடாது' என்று ஒரு வரி இருக்கும், தப்பில்லை. முழு இரத்தம், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா இவற்றை அவர்கள் ஏற்பதில்லை. ஆனால் அல்புமின் போல இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சிறு கூறுகளையும், அறுவையின்போது நோயாளியின் சொந்த இரத்தத்தையே சேகரித்துத் திருப்பி ஏற்றும் சில முறைகளையும் ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டது. ஒரே சபையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர் இரண்டு விதமாக முடிவு செய்திருக்கலாம். அட்டவணையின் ஒரு வரிக்குள் ஒரு உயிரே இருக்கிறது பாருங்கள்.

பதிலாக, கேட்கப் பழக்குங்கள். ஆர்தர் கிளைன்மன் என்று மனநல மருத்துவராகவும் மானுடவியலாளராகவும் இருப்பவர், 1970-களின் கடைசியில் நோயாளியிடம் கேட்க வேண்டிய சில எளிய கேள்விகளை முன்வைத்தார். உங்களுக்கு வந்திருப்பது என்ன என்று நினைக்கிறீர்கள், ஏன் வந்தது, ஏன் இப்போது வந்தது, இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்ற ரீதியில் போகும். மதம் என்ற சொல்லே அதில் வராது. ஆனால் கேட்ட மாத்திரத்தில், கர்மம், சாபம், சோதனை, கடவுளின் விருப்பம், அல்லது வெறும் கெட்ட நேரம் என்று அந்த மனிதரின் முழு உலகமும் வெளியே வரும். இரண்டு மாணவிகளை நோயாளி, செவிலி என்று எதிரெதிரே உட்காரவைத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பார்கள், விடுங்கள்.

அப்புறம் ஒன்று. மதம் என்றாலே 'எதை நம்புகிறார்கள்' என்று ஆரம்பிப்பது நம் பாடப்புத்தகங்களின் வியாதி. 1967-இல் பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மதவியல் துறையைத் தொடங்கி நடத்திய நினியன் ஸ்மார்ட், மதத்துக்குக் கோட்பாடு ஒரு பக்கம் மட்டும்தான் என்று சொல்லி, சடங்கு, புராணக் கதை, அனுபவம், சமூக அமைப்பு, ஒழுக்கம், கோட்பாடு, பொருள்கள் என ஏழு பக்கங்களைப் பிரித்துக் காட்டினார். மருத்துவமனைக் கட்டிலருகே கோட்பாட்டைவிடப் பொருளும் சடங்கும்தான் முந்திக்கொண்டு வரும்: கழற்றச் சொன்னால் அழவைக்கும் கைக்கயிறு, தலையணைக்கு அடியில் இருக்கும் படம். 'நீங்கள் இதை நம்புகிறீர்களா' என்று கேட்டால், அவர்களே யோசிப்பார்கள். கழற்ற மட்டும் விடமாட்டார்கள்.

"பார்வையில்லாத ஐந்து பேர் யானையைத் தடவிய கதை மத ஒற்றுமைக்குச் சிறந்த உதாரணம்தானே?" – ஒரு வாசகர்

அந்தக் கதையில் முழு யானையையும் பார்த்துவிட்ட ஒருவர் இருக்கிறார். கதை சொல்பவர். அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்கும் மாணவன் இருந்தால் அவனுக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

"நான் நாத்திகன். மதவியல் எடுக்கும்போது, 'சார், நீங்க நம்புறீங்களா?' என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா? மறைப்பது கோழைத்தனம் என்று தோன்றுகிறது." – ஆசிரியர் ஒருவர்

இதே கேள்வியைப் பக்தியுள்ள ஒரு ஆசிரியையும் அனுப்பியிருக்கிறார், நாத்திகன் என்ற சொல் மட்டும்தான் வேறு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

நான் பருவத்தின் கடைசி நாளில், கேட்டால் மட்டும் சொல்வேன். அதற்கு முன் கேட்டால், "நான் நடத்துவதை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்பேன். கடைசி நாளில் கைதூக்கச் சொல்லிக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிய வேண்டும். ஒரு பக்கமே எல்லாரும் தூக்கினால் நான் சரியாக நடத்தவில்லை என்று அர்த்தம். இதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை, மதிப்பெண் போடும் கை உங்களுடையது என்பதை மாணவன் மறக்கவே மாட்டான், அதனால்தான்.

மதத்தைக் கற்பிப்பது வேறு, மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு. 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் வழிபாடாகப் பைபிள் வாசிப்பதைத் தடுத்த அதே தீர்ப்பில், கல்வியின் பகுதியாக மதத்தைப் புறநிலையாகப் படிப்பதற்குத் தடையில்லை என்று தெளிவாகச் சொன்னது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மதவியல் துறைகள் வளர்ந்ததற்கு அந்தத் தெளிவும் ஒரு காரணம்.

ஆனால் இதை நாம் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. மணிமேகலை தன் வழியைத் தேர்ந்துகொள்வதற்கு முன்னால் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய், உன் பொருள் என்ன சொல் என்று கேட்கிறாள். அவள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பது ஊரறிந்தது, இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போனாள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் முதல் பாகமே பரபக்கம், அதாவது எதிர்த் தரப்பின் பக்கம். கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்கிற உலகாயதன் என்ன சொல்கிறான் என்பதில்தான் தொடங்குகிறது. சுபக்கம், தன் பக்கம், அப்புறம்தான். மறுப்பதற்காகத்தான் சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிராளியின் வாதத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனுக்கு மறுக்கிற உரிமை கிடையாது என்ற பழக்கம் அதில் இருக்கிறது.

எனக்கு அளவுகோல் இதுதான்: அந்த மதத்தைச் சேர்ந்த மாணவன் என் விளக்கத்தைக் கேட்டு, "ஆமா சார், நாங்க சொல்றது அதான்" என்று தலையாட்ட வேண்டும். ஒருமுறை ஒரு சமயத்தின் நோன்பைப் பற்றிப் புத்தகத்தில் இருந்தபடி, தெளிவாக, எனக்கே திருப்தியாக நடத்திவிட்டு வெளியே வந்தேன். ஒரு பையன் தயங்கித் தயங்கிப் பின்னாலேயே வந்து, "நீங்க சொன்னது எல்லாம் சரிதான் சார், ஆனா எங்க வீட்டுல அது இல்ல. எங்க பாட்டிக்கு அது சந்தோஷமான மாசம்" என்றான். நான் அரை மணி நேரம் கட்டுப்பாடு, துறவு, ஒழுக்கம் என்று பேசியிருந்தேன், சந்தோஷம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லித் திருத்திக்கொண்டேன், அவன் பெயரைச் சொல்லாமல். வகுப்பில் இருக்கும் ஒரு பையனையே அவன் மதத்துக்குப் பிரதிநிதியாக்கி, "எழுந்து நீயே சொல்லேன்" என்பது அதைவிடப் பெரிய தப்பு. அவனுக்குப் பத்தொன்பது வயது, அவன் தலையில் இரண்டாயிரம் வருஷத்தை ஏற்றக்கூடாது.

"என் மகள் வேதியியல் படிக்கிறாள். மதவியல் பாடம் எடுத்ததிலிருந்து வீட்டில் எதைச் செய்தாலும் 'ஏன்' என்கிறாள். நம்பிக்கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது." – ஒரு தாய்

போகாது என்று உங்களுக்கு உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது அம்மா. சிலருக்குப் போயிருக்கிறது, சிலருக்கு முன்னைவிட ஆழமாகியிருக்கிறது. பலருக்குப் பாடம் முடிந்த ஆறு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது, ஆசிரியனாக எனக்கு அதுதான் வருத்தம். ஆனால் உங்களிடம் வந்து 'ஏன்' என்று கேட்கிறாளே, அதைக் கவனியுங்கள். பதில் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறாள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று சொல்லுங்கள், அவளுடைய பாடத்துக்கு அதுவும் தேவைப்படும்.

"கடவுள் இருப்பதைக் கணினி நிரூபித்துவிட்டது என்று படித்தேன். உண்மையா?" – கணித மாணவி

பாதி உண்மை, மீதிப் பாதிதான் சுவாரசியம். தர்க்கவியலாளர் குர்த் கோடெல் கடவுள் இருப்புக்கு ஒரு சான்று எழுதி வைத்திருந்தார், 1970 வாக்கில்தான் மற்றவர்களுக்குக் காட்டினார். 11-ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி வைத்த வாதத்தின் வழியில் வந்தது, ஆனால் முழுக்கத் தர்க்கக் குறியீடுகளில். 2013-இல் பென்ஸ்முல்லர், வோல்ட்சன்லோகல் பாலியோ என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கணினிக்குக் கொடுத்துச் சரிபார்த்தார்கள். இன்னொரு தர்க்கவியலாளர் டானா ஸ்காட் சற்றுத் திருத்தி எழுதிய வடிவம் தேறியது. கோடெலின் மூலக் கையெழுத்துப் படியில் இருந்த அடிப்படைக் கூற்றுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதையும் கணினியே கண்டுபிடித்தது.

தேறியது என்றால் என்ன? இந்தக் கூற்றுகளை ஏற்றால் அந்த முடிவு வந்தே தீரும், அவ்வளவுதான். கூற்றுகளை ஏற்பதா என்பதைக் கணினி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இதிலே இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அந்தக் கூற்றுகளை ஏற்றால், நடக்கிற எல்லாமே நடந்தே ஆக வேண்டியவை என்றும் ஆகிவிடும், தற்செயல் என்பதே இல்லாமல் போகும். கடவுளை வாங்கினால் விதியும் கூடவே வரும். பருவம் முழுக்கத் தர்க்கம் நடத்தியும் வாதம் ஒழுங்காக இருப்பதற்கும் முடிவு உண்மையாக இருப்பதற்கும் வித்தியாசம் புரியாத வகுப்புக்கு, இந்த ஒரு செய்தி புரியவைத்துவிடும்.

"தத்துவத்தில் எல்லாக் கருத்தும் சரிதானே? எதை வைத்து மதிப்பெண் போடுவீர்கள்?" – மேலாண்மை மாணவர்

எல்லாக் கருத்தும் சரி என்பதும் ஒரு கருத்துதான், அது தப்பு என்று நான் சொன்னால் அதுவும் சரியாகிவிடும், அப்புறம் நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

முடிவுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, அதற்கு வந்து சேர்ந்த வழிக்குத்தான். வேற்றுத்துறை மாணவர்களிடம் பத்துப் பக்கக் கட்டுரை கேட்பதையும் விட்டுவிட்டேன், இப்போது அதை எழுதிக்கொடுக்க இயந்திரம் இருக்கிறது. ஒரு பக்கம் போதும். நீ கடுமையாக மறுக்கும் ஒரு நிலைப்பாட்டை எடு, அதற்கு உன்னால் முடிந்த மிக வலுவான வாதத்தை எழுது, ஒரு வரிகூட மறுக்காதே என்பேன். அப்புறம் ஐந்து நிமிஷம் எதிரே உட்காரவைத்து, எழுதியதிலிருந்தே மூன்று கேள்வி. 'ஆனால்' என்று ஆரம்பித்துவிட்டால் மதிப்பெண் குறையும். தங்கள் நிலைப்பாட்டைப் பத்துப் பக்கம் எழுதக்கூடியவர்கள் இந்த ஒரு பக்கத்துக்குத் திணறுவதைப் பார்க்க வேண்டும்.

"அறிவியல் இருக்கும்போது தத்துவம் எதற்கு என்று இயற்பியல் மாணவர்கள் கேட்கிறார்கள்." – ஆசிரியை ஒருவர்

அவர்களுக்குத் தாமஸ் கூன் கதையைச் சொல்லுங்கள். 1947-இல் அவர் ஹார்வர்டில் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஜேம்ஸ் கொனன்ட், அறிவியல் படிக்காத மாணவர்களுக்கு அறிவியலைப் புரியவைக்கும் ஒரு பாடத்துக்கு உதவ அவரைக் கூப்பிட்டார். அதற்காக அரிஸ்டாட்டிலின் இயற்பியலைப் படித்தபோது, இவ்வளவு பெரிய அறிவாளி இயக்கத்தைப் பற்றி இப்படியா உளறுவார் என்று தோன்றியிருக்கிறது. ஒருநாள் திடீரென்று பிடிபட்டது: அரிஸ்டாட்டில் இயக்கம் என்ற சொல்லில் சொல்வது நியூட்டன் சொல்வதையே அல்ல, விதை மரமாவதும் நோயாளி குணமாவதும்கூட அதில் சேர்த்தி. அந்த ஒரு பொறிதான் வளர்ந்து 1962-இல் அறிவியல் புரட்சிகளைப் பற்றிய அவருடைய நூலாயிற்று, ஒரு துறையினர் உலகைப் பார்க்கும் சட்டகத்தைக் குறிக்கும் 'பாரடைம்' என்ற சொல்லைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பியதும் அதுதான்.

வேற்றுத்துறை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போனவர் கையில் கிடைத்தது அது. தன் துறைக்காரர்களிடமே பேசிக்கொண்டிருந்தால் அரிஸ்டாட்டிலைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்.

"நான் தத்துவம் மட்டும் படித்தவன். மருத்துவ மாணவர்கள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. நான் ஏதாவது சொன்னால், 'நிஜத்துல அப்படி இல்ல சார்' என்கிறார்கள்." – இளம் ஆசிரியர்

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஹார்வர்டில் 2017-இல் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். கணினி மாணவர்களை நெறிமுறை வகுப்புக்கு அனுப்பாமல், தத்துவக்காரரைக் கணினி வகுப்புக்குள் அனுப்பினார்கள். அந்த வாரம் என்ன பாடமோ அதிலிருந்தே எழும் நெறிக்கேள்வியை அந்தத் துறை ஆசிரியரோடு சேர்ந்து அவர் எடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அவ்வளவு வசதி இருக்கிறதோ இல்லையோ, ஒருவரைப் பிடிப்பது கஷ்டமில்லை. மருத்துவத் துறையில் உங்கள் வயதில் ஒரு ஆசிரியர் இருப்பார், அவரிடம் போய், உங்கள் வகுப்பில் பின்பெஞ்சில் ஒரு வாரம் உட்காரலாமா என்று கேளுங்கள். என்னை ஒருவர் அப்படி உட்காரவிட்டார். மூன்றாம் நாள் மாணவர்கள் 'இறப்பு நேரம்' என்று ஒரு கட்டத்தை நிரப்பப் பழகிக்கொண்டிருந்தார்கள், செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்கு அந்தக் கட்டத்தில் எந்த நிமிஷத்தை எழுதுவது என்று ஒருத்தி கேட்டாள். மூளை செயலிழந்ததை உறுதி செய்த நிமிஷமா, இதயம் நின்ற நிமிஷமா? அந்த ஆசிரியர் விதியைச் சொல்லிவிட்டு, ஏன் அப்படி என்று அவள் திரும்பக் கேட்டதும் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.